முப்பத்தேழு காட்டிய பெட்டி

நான் இந்த ஆய்வுக்கூடத்தில் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மிச்சத்தை மரியாதையோடு படிப்பீர்கள்.

காப்பி மூட்டை அடுக்கிக் கிடந்த குடோனை, ஒரு பொட்டு வெளிச்சம் நுழையாத மைக்ராஸ்கோப் அறையாக மாற்றியவன் நான். செல் இருக்கும் கண்ணாடித் தட்டுகளை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க ஒரு மேடை வேண்டும் என்றார்கள். மாவரைக்கும் கிரைண்டர் மோட்டாரை வைத்துச் செய்து கொடுத்தேன். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் செல்கள் செத்துவிடாமல் இருக்க, ஜீப் பேட்டரிகளை வரிசையாகக் கோத்துக் கொடுத்தேன். சுற்றுலா வேன்கள் வளைவில் ஏறும்போதெல்லாம் மைக்ராஸ்கோப்பில் படம் நடுங்குகிறது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். குப்பனூர் ரோடு வழியாக ஒரு கருங்கல் பலகையை மலைக்கு ஏற்றி வந்து, அதன் அடியில் நாலு ஸ்கூட்டர் டியூபைக் காற்றடித்து வைத்தேன். அன்றோடு நடுக்கம் நின்றது. பெரிய கம்பெனியிலிருந்து வந்த என்ஜினீயர் ஒருவர் அந்த டியூபை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. காப்பியடிக்கத்தான் இருக்கும்.

கடைசியாகச் சூட்டுப் பெட்டி. இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

இவ்வளவையும் ஐந்தாம் வகுப்புப் படிப்போடு செய்தேன். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் டெக்னீசியன்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மேடம் கேட்டார். மேடம் என்றால் இந்தக் கூடத்தை நடத்தும் பேராசிரியர். அவர் பெயரை நான் பேச்சில்கூடச் சொன்னதில்லை, எழுத்திலும் வராது. எந்த மருந்து எத்தனை சொட்டு என்பதெல்லாம் உங்கள் நோட்டில் இருக்கிறது. நோட்டில் இல்லாததைத்தான் நான் எழுதப்போகிறேன்.

இந்தக் கூடத்துக்கு வருவதற்கு முன்னால் பத்து வருடம் ஜீப் ஓட்டினேன். சேலம் பஸ் வந்து நிற்கும் ஒண்டிக்கடைக்கும் என் ஊரான மஞ்சக்குட்டைக்கும் நடுவே ஆள் ஏற்றிப் போகும் ஜீப். மேடத்தின் முதல் மைக்ராஸ்கோப் மலையேறியது என் வண்டியில்தான். அதை இறக்கி வைக்கப் போன நான் திரும்பவில்லை, இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அந்தப் பெட்டியை என் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினேன் என்று மேடம் இன்றும் சொல்வார். என் குழந்தைகளை அவ்வளவு பத்திரமாகத் தூக்கியதில்லை என்று என் மனைவி மல்லிகா சொல்வாள்.

சேர்ந்த புதிதில், இங்கே என்னதான் ஆராய்ச்சி நடக்கிறது என்று மேடத்திடமே கேட்டேன். அவர் உட்கார வைத்துச் சொன்னார். செல்லின் தோல் அங்கங்கே உள்பக்கமாகக் குழிந்து, சின்னச் சின்னப் பைகளாக வெளியில் இருக்கும் சரக்கை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பைகள் எல்லாம் போய்ச் சேரும் இடத்துக்கு எண்டோசோம் என்று பெயர். சரக்கைப் பிடித்துக்கொண்டு வந்த புரதம் அங்கே சரக்கை விட்டுவிடும். விட்டதும் செல் அந்தப் புரதத்தைத் தனியாகப் பிரித்துத் தோலுக்கே திருப்பி அனுப்பும், அடுத்த நடைக்கு. சரக்கு மட்டும் இன்னும் உள்ளே லைசோசோம் என்ற இடத்துக்குப் போகும். அங்கே அதை உடைத்துத் தூளாக்கிச் செல் பயன்படுத்திக்கொள்ளும்.

நான் சொன்னேன்: "இது நம்ம ஒண்டிக்கடைதானுங்களே மேடம். மஞ்சக்குட்டை ஜீப்பு சனத்தைக் கொண்டாந்து எறக்கும். சனம் சேலம் பஸ்ஸைப் புடிக்கும். ஜீப்பு காலியாத் திரும்பிப் போயி அடுத்த லோடு ஏத்தும்."

 மேடம் உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் எங்கே வகுப்பு எடுத்தாலும் அதில் ஒண்டிக்கடை வரும். அது என்னுடையது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தேன்மொழி என்று ஒரு மாணவி. சேலத்துப் பெண். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் லேப் கோட்டு போட்டுப் பந்து மாதிரி நடப்பாள். என்னை அண்ணா என்பாள். அவளுடைய ஆராய்ச்சி, ரத்தத்தில் ஓடும் கொழுப்பைப் பிடித்துச் செல்லுக்குள் கொண்டு வரும் புரதத்தைப் பற்றியது. சில குடும்பங்களில் இந்தப் புரதத்தில் பிறவியிலேயே ஒரு சின்னப் பிசகு இருக்கும். அவர்களுக்கு இள வயதிலேயே ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிடும். பிசகு உள்ள புரதம் தோலிலிருந்து கிளம்பி உள்ளே வருகிறது. ஆனால் தோலுக்குத் திரும்புவதே இல்லை. வழியில் அதற்கு என்ன ஆகிறது? இதுதான் அவளுடைய மூன்று வருடக் கேள்வி.

என் கணக்குப்படி, ஜீப் ஏன் திரும்பி வரவில்லை என்பதுதான் கேள்வி.

இதைக் கண்ணால் பார்ப்பதற்குப் புரதத்துக்குப் பச்சை நிறமும் கொழுப்புக்குச் சிவப்பு நிறமும் ஏற்றி, உயிரோடு இருக்கும் செல்லை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படம் பிடிக்க வேண்டும். செல் உடம்புக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்கு முப்பத்தேழு டிகிரி சூடு வேண்டும். நம் மலையில் எங்கே முப்பத்தேழு? அதற்கான பெட்டியை வெளியிலிருந்து வாங்க எங்களுக்கு வசதியில்லை. நான் செய்தேன். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டில் மைக்ராஸ்கோப்பின் மேல் பாதியை மூடும் பெட்டி. சூட்டுக்கு முடி உலர்த்தும் டிரையர். சூட்டை நிறுத்திப் பிடிக்கக் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியில் இருக்கும் கருவி. பெட்டிச் சுவரில் சிவப்பு எண்ணில் டிகிரி காட்டும் மீட்டர். பங்குனியில் வேலை முடிந்தது. மீட்டர் முப்பத்தேழைக் காட்டியது, அசையவே இல்லை. வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன். தபால்காரருக்கும் காட்டினேன்.

சித்திரை, வைகாசியில் தேன்மொழி பிசகில்லாத நல்ல புரதத்தைப் படம் பிடித்தாள். பச்சையும் சிவப்பும் ஜோராக உள்ளே வந்தன, பிரிந்தன, அவரவர் வழியில் போயின. மேடம் கை தட்டினார்.

பிசகு உள்ள செல்களைத் தயார் செய்வதற்குள் மார்கழி வந்துவிட்டது. அப்போது தேன்மொழி என்னிடம் ஒன்று கேட்டாள். நல்ல புரதத்தையும் இப்போது பக்கத்திலேயே வைத்து இன்னொரு தடவை படம் பிடித்துவிடலாமா, மேடம் எப்போதும் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்வார் என்றாள். அவளுக்குக் காய்ச்சல் வேறு, செல்லும் குறைவாக இருந்தது. நான் என்ன சொன்னேன் என்பதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"எதுக்குக் கண்ணு செரமம்? சித்திரையில முப்பத்தேழு. மார்கழியிலயும் முப்பத்தேழு. என்ற பொட்டிக்கு மாசமெல்லாம் தெரியாது."

அவள் நம்பினாள். மேடத்திடம், பெட்டி நிலையாக இருப்பதால் பழைய படங்களையே ஒப்பிடுகிறோம் என்று சொன்னாள். மேடமும் மீட்டரை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சரி என்றார். ஒரு மனிதன் தன் வேலையைப் பற்றிப் பெருமையாகப் பேசலாம், நான் பேசாத நாள் கிடையாது. ஆனால் அந்தப் பேச்சை வைத்து இன்னொருவரின் சோதனையைக் குறைக்கச் சொல்லக்கூடாது. இதை நான் அறிந்தது பிற்பாடு.

படம் வந்தது. பிசகு உள்ள புரதம் உள்ளே வந்தது, எண்டோசோமில் போய் நின்றது, அங்கேயே நின்றுவிட்டது. ஒன்றும் கிளம்பவில்லை. ஜீப் ஸ்டாண்டிலேயே ரிப்பேராகி நிற்கிறது! கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று கூடமே கேசரி சாப்பிட்டது. நான் இரண்டு தட்டு. தேன்மொழி கட்டுரை எழுதி முடித்தாள். தை மாதத்து ஒரு திங்கட்கிழமை அதை வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்புவதென்று முடிவானது. அவளுடைய உதவித்தொகை பங்குனியோடு முடிகிறது. அதற்குள் கட்டுரை போய்ச் சேர்ந்தால்தான் அவளுக்கு அடுத்த இடம்.

அந்தத் திங்களுக்கு முந்தின நாள்தான், அக்கம்பக்கத்து எஸ்டேட் குடும்பங்கள் கூடத்தை வந்து பார்க்கும் ஞாயிறு. வருடத்துக்கு ஒரு நாள் கதவைத் திறந்து வைப்போம். மல்லிகா தன்னோடு காப்பிப் பழம் எடுக்கும் ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜீப் கதையை வருடக்கணக்காக என்னிடம் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நேரில் பார்த்துவிடலாம் என்று வந்தாள்.

நான் நல்ல புரதம் உள்ள தட்டை எடுத்து வைத்தேன். ஜோராக ஓடுவது அதுதானே. மைக்ராஸ்கோப்பில் எப்படிக் கண் வைப்பது என்று பெண்களுக்கு விளக்கினேன். ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, பச்சை நன்றாக இருக்கிறது, நட்சத்திரம் மாதிரி இருக்கிறது என்று சொல்லி நகர்ந்தார்கள். மல்லிகா மட்டும் கண்ணை எடுக்கவில்லை. வெகுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள், "உங்க ஜீப்பு ஒண்ணும் கெளம்புலீங்களே. ஸ்டிரைக்குங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். உனக்குப் பார்க்கத் தெரியவில்லை, நகரு என்று சொல்லி நான் பார்த்தேன். ஒன்றும் ஓடவில்லை. பச்சையும் சிவப்பும் எண்டோசோமில் குவிந்து அப்படியே நின்றன. தேன்மொழியின் பிசகு உள்ள புரதம் எப்படி நின்றதோ அச்சு அசலாக அப்படியே.

தட்டை மாற்றி எடுத்துவிட்டேனோ என்று மூடியில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். நல்ல புரதம்தான். இன்னொரு தட்டை வைத்தேன். அதுவும் நின்றது. இது சாப்பாட்டு நேரம், கொஞ்சம் பொறுத்துத்தான் ஓடும் என்று பெண்களிடம் ஒரு பொய்யைச் சொன்னேன். மீட்டரைப் பார்த்தேன். முப்பத்தேழு.

மல்லிகா அதற்குள் பெட்டிக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டிருந்தாள். வேறு யாராவது செய்திருந்தால் கத்தியிருப்பேன். நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அவள் எஸ்டேட்டில் காப்பி காயப்போடும் களத்திலும் வேலை செய்கிறவள். குவித்து வைத்த காப்பி காய்ந்துவிட்டதா என்று கணக்கெழுதும் ரைட்டர் கேட்டால், அவள் மேலாகத் தொட்டுப் பார்த்துச் சொல்ல மாட்டாள். முழங்கை வரைக்கும் கையைக் குவியலுக்குள் விடுவாள். மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். உள்ளே இருப்பதுதான் நிஜம். அந்தக் கை, பெட்டிக்குள் போய், தட்டு உட்காரும் இரும்பையும் அதன் அடியில் தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் லென்ஸையும் தடவியது.

"மேலதான் சூடுங்க," என்றாள். "அடியில இந்த இரும்பு சில்லுன்னு கெடக்குது. குவியலோட நடுவுல கை உடாம மேலாப்புல பாத்துப்போட்டு மூட்டை கட்டீட்டீங்களாட்டம் இருக்குது."

அவ்வளவுதான். நானும் கையை விட்டுப் பார்த்தேன், சில்லென்றுதான் இருந்தது.

நம் மைக்ராஸ்கோப்பில் லென்ஸ் கீழே இருக்கிறது. படம் தெளிவாக வர ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, லென்ஸைத் தட்டின் அடியில் ஒட்டினாற்போல வைப்போம். நான் கட்டிய பெட்டி மேல் பாதியை மட்டும்தான் மூடியது. லென்ஸின் உடம்பு முழுக்கக் கீழே, குளிரில். அந்தப் பித்தளையும் இரும்பும் தட்டின் சூட்டை உறிஞ்சிக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தன. மீட்டர் சுவரில் தொங்கியது. அது காற்றின் சூட்டைச் சொன்னது. செல் இருக்கும் இடத்தின் சூட்டை அது சொல்லவே இல்லை. சித்திரையில் அறையே வெதுவெதுப்பாக இருந்ததால் தப்பித்தோம்.

பெண்களை அனுப்பிவிட்டு, மெல்லிய கம்பி முனையுள்ள ஒரு சூடு பார்க்கும் கருவியைத் தட்டின் நடுவில், லென்ஸ் தொடும் இடத்தில் வைத்தேன். மீட்டர் முப்பத்தேழு. கம்பி பத்தொன்பது.

அதாவது தேன்மொழி கண்டுபிடித்தது பிசகு உள்ள புரதத்தின் குணம் அல்ல. குளிரில் எல்லாப் புரதமும் எண்டோசோமில் நின்றுவிடும். அவள் ஒன்றைச் சித்திரையில் பார்த்தாள், இன்னொன்றை மார்கழியில் பார்த்தாள். பார்க்க வைத்தவன் நான்.

சாயங்காலம் மல்லிகாவோடு மஞ்சக்குட்டை ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஒரே யோசனை. தேன்மொழி சேலத்து வீட்டிலிருந்து திரும்பி ஒண்டிக்கடையில் தங்கியிருக்கும் அறைக்கு வந்திருப்பாள். நாளைக் காலையில் கட்டுரை போய்விடும். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ராத்திரியே பெட்டியைச் சரிசெய்துவிட்டால் பெட்டியின் பெருமையும் போகாது. இப்படி யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். தபால்காரர் முகம்கூட மனசில் வந்து போனது.

 எங்கள் ஊருக்குப் பாதி வழி வந்ததும், மல்லிகா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தச் சேலத்துப் புள்ள கொழுப்பு நோவு இருக்கற கொழந்தைங்களுக்காகத்தான இதைப் பண்ணுது? நாளைக்கு ஒரு டாக்டரு இதைப் படிச்சு நம்புவாருங்களா?"

நம்புவார் என்றேன்.

"அப்ப ஏன் இன்னும் உக்காந்துட்டு வர்றீங்க?"

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். டிரைவர் என் பழைய கூட்டாளி. அண்ணனுக்கு வயிறு சரியில்லை போல என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுக் கிளம்பினான். ஒண்டிக்கடைக்கு நடந்தே போய்ச் சேர்ந்தேன். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால்.

தேன்மொழி ஒரு கடை வாசலில் நின்று மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கட்டுரை போகிற சந்தோஷம் அந்தப் பஜ்ஜியிலேயே தெரிந்தது. எனக்கும் ஒரு தட்டு சொல்லப் போனாள். வேண்டாம் என்று சொல்லி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். மல்லிகா கை விட்டதிலிருந்து கம்பி பத்தொன்பது காட்டியது வரைக்கும்.

அவள் பஜ்ஜியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"நல்லதும் நிக்குதுங்களா அண்ணா? ரெண்டும் ஒரே மாதிரியா?"

"ஒரே மாதிரிதான் கண்ணு."

 அழப்போகிறாள் என்று பயந்தேன். கடைசியில் அவள் சொன்னது இது: "அப்ப மூணு வருசமா நான் கண்டுபுடிச்சது உங்க ஊரு குளுரைங்களா?"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பும் அழுகையும் கலந்த ஒரு தினுசு. கடைக்காரர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். பிறகு இருவரும் கடை பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டோம். கட்டுரையை அனுப்ப வேண்டாம் என்று அவளே மேடத்துக்கு போனில் சொன்னாள். காரணத்தை நான் நேரில் சொல்கிறேன் என்றேன்.

திங்கள் காலை மேடத்தின் அறையில் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. என் பெட்டி தப்பு, நல்லதை மறுபடி பார்க்க வேண்டாம் என்று தேன்மொழியைத் தடுத்ததும் நான்தான், அவளைத் திட்டாதீர்கள் என்றேன். மேடம் கேட்ட முதல் கேள்வி, லென்ஸ் தொடும் இடத்தில் எத்தனை டிகிரி என்பது. பத்தொன்பது என்றேன். எழுதிக்கொண்டார். இரண்டாவது கேள்வி, யார் கண்டுபிடித்தது என்பது. மல்லிகா என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். மீட்டரை மட்டும் பார்த்துவிட்டுச் சரி சொன்ன தன் பெயரையும் அந்தத் தப்பில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அதற்கப்புறம் பேனாவை வைத்துவிட்டு அவர் சிரித்தார்.

"சின்னராசு, இந்தக் குளிரை வச்சு எல்லாத்தையும் எண்டோசோம்ல நிறுத்தறதை மத்த லேபுல வேணும்னே செய்வாங்க. நிறுத்திட்டு, திடீர்னு சூடு பண்ணுவாங்க. அப்ப எல்லாம் ஒரே நேரத்துல கிளம்பும். எது எந்தப் பக்கம் போகுதுன்னு தெளிவா தெரியும். நீங்க தெரியாம அதுல பாதியைச் செஞ்சிருக்கீங்க."

"மீதிப் பாதியைத் தெரிஞ்சே செஞ்சு தாரனுங்க மேடம்," என்றேன்.

எனக்கு உயிர் வந்துவிட்டது. ஜீப் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் எல்லா வண்டியையும் நிறுத்தி வைத்து, ஒரே விசிலில் விட்டால் எந்த வண்டி எங்கே போகிறது என்று குழந்தைக்கும் தெரியுமே!

பத்து நாள் வீட்டுக்குச் சாப்பிட மட்டும் போனேன். பழைய பிரிட்ஜிலிருந்து செம்புக் குழாயை எடுத்தேன். அதை லென்ஸின் கழுத்தைச் சுற்றிப் பட்டையாகச் சுற்றினேன். மீன் தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் சின்ன மோட்டார் ஒன்று. இரண்டு வாளி: ஒன்றில் வெந்நீர், ஒன்றில் மலைத் தண்ணீர். குழாயை மலைத் தண்ணீருக்கு மாற்றினால் தட்டு குளிரும், வெந்நீருக்கு மாற்றினால் சில நிமிடத்தில் முப்பத்தேழு. மீட்டரைச் சுவரிலிருந்து கழற்றி, அதன் கம்பி முனையைத் தட்டின் நடுவிலேயே வைத்தேன். இந்த முறை வேலை முடிந்ததும் தபால்காரரைக் கூப்பிடவில்லை. மல்லிகாவைக் கூட்டிவந்தேன். அவள் கையை விட்டு, லென்ஸை, இரும்பை, தட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். இப்போது மூட்டை கட்டலாம் என்றாள்.

தேன்மொழி இரண்டு தட்டையும் ஒரே நாளில் எடுத்தாள், ஒன்று முடிந்ததும் ஒன்று. முதலில் நல்லது. குளிரில் நிறுத்தினோம். பச்சையும் சிவப்பும் எண்டோசோமில் ஒன்றாகக் குவிந்து மஞ்சளாகத் தெரிந்தன. நான் குழாயை வெந்நீருக்கு மாற்றினேன். அறையில் மேடம், தேன்மொழி, நான், மூலையில் மல்லிகா.  திரையில் மஞ்சள் பிரிந்தது. பச்சை தனியாகக் கழன்று தோலைப் பார்த்து ஓடியது. சிவப்பு உள்ளே போனது. ஜீப் காலியாகத் திரும்புகிறது.

அடுத்து பிசகு உள்ளது. குளிரில் நின்றது. வெந்நீர். கிளம்பியது! ஸ்டாண்டில் நிற்கவில்லை, ரிப்பேரும் இல்லை. ஆனால் மஞ்சள் பிரியவில்லை. பச்சையும் சிவப்பும் கட்டிப் பிடித்தபடியே உள்ளே போயின, லைசோசோமுக்கு. பச்சை அங்கே போய்ச் சிவப்போடு சேர்ந்தே மங்கி அணைந்தது.

தேன்மொழி மெதுவாகச் சொன்னாள்: "விடவே மாட்டேங்குது அண்ணா. கொழுப்பை விடாமப் புடிச்சுக்கிட்டு, அதுகூடவே ஒடைபடப் போகுது."

"சனத்தை எறக்காத ஜீப்பு, சனத்தோடவே காயலான்கடைக்குப் போகுதுங்க," என்றாள் மல்லிகா மூலையிலிருந்து.

மேடம் அன்றைக்குப் போல வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. தேன்மொழி ஸ்வெட்டர் பந்தாகக் குதித்தாள். கருங்கல் பலகை அசையவில்லை. அதையும் நான்தான் போட்டேன். இதே புரதத்தில் வேறு சில பிசகுகளும் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று மற்றவர்கள் முன்பே கண்டிருக்கிறார்கள். ஆனால் இந்தக் குடும்பங்களுக்கு இருந்த இந்தப் பிசகை உயிருள்ள செல்லில் பார்த்தது எங்கள் குடோன் அறையில்தான். தேன்மொழி கட்டுரையை முதலிலிருந்து எழுதினாள். உதவித்தொகை முடிவதற்கு முன்னால் அது போய்விட்டது. அதை ஏற்றுக்கொண்டார்கள். இப்போது அவள் வேறு ஊரில் சொந்தமாக மாணவர்களை வைத்திருக்கிறாள். அவர்களிடம் முதலில் சொல்வது, மீட்டர் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள் என்பதுதானாம்.

எனவே கண்ணுகளா, வேலை நடக்கும் இடத்தில் கை வையுங்கள். சுவரில் தொங்கும் எண்ணை நம்பாதீர்கள், அந்த எண்ணைத் தொங்கவிட்டது நானாகவே இருந்தாலும். உங்கள் கருவியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பெருமை பேசுங்கள், ஆனால் வருகிறவர்கள் எல்லோரையும் அதைப் பார்க்க விடுங்கள். நான் பெருமைக்காரனாக இல்லாவிட்டால் மல்லிகா அன்று வந்திருக்கவே மாட்டாள். இதை மேடமே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக என் இரண்டாவது தப்பு.

கட்டுரை அனுப்பும் நாளில் மேடம் என்னைக் கூப்பிட்டு, கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் உங்கள் பெயரையும் மல்லிகா பெயரையும் போடுகிறோம் என்றார். தப்பு செய்தவன் என்ற கூச்சம் இன்னும் போகவில்லை. பெரிய மனசுக்காரன் மாதிரி, வேண்டாமுங்க என்றேன். மல்லிகாவிடம் கேட்காமல் அவள் பெயரையும் வேண்டாம் என்றேன். கட்டுரை அச்சில் வந்தது. படித்துப் பார்த்த இரண்டு பேராசிரியர்களுக்கு நன்றி, லென்ஸ் கொடுத்தவர்களுக்கு நன்றி. பெட்டியைப் பற்றி ஒரே வரி: 'ஆய்வுக்கூடத்திலேயே செய்த சூட்டுப் பெட்டி.' தேன்மொழி அதைத் தமிழில் படித்துச் சொன்னதும் மல்லிகா கேட்டாள், ஆய்வுக்கூடத்துக்குக் கை இருக்கிறதா என்று. மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அந்தப் பெட்டி இன்னும் உங்கள் மேஜையில் இருக்கிறது. செம்புப் பட்டையும் இருக்கிறது. அதில் பிடிக்கும் படங்களை வைத்து இனி நீங்கள்தான் கட்டுரை எழுதப்போகிறீர்கள். அன்று சொன்ன 'வேண்டாமுங்க'வை இன்று திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அடுத்த கட்டுரையில் இப்படிப் போடுங்கள்: பெட்டியும் செம்புப் பட்டையும் செய்தவர் சின்னராசு, மஞ்சக்குட்டை. முதலில் செய்த பெட்டியின் அடி குளிர்ந்து கிடந்தது, அதுவும் அவர் செய்ததுதான். தப்பையும் என் பெயரிலேயே போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

குளிரைக் கண்டுபிடித்தவர் மல்லிகா. அந்த வரியை என் வரிக்கு மேலே போடுங்கள். நான் வீட்டுக்குப் போக வேண்டும்.